ஆறாம் எண் சட்டை

ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்குள் எட்டு மணி நேரம் மடங்கி உட்கார்ந்தால் எந்த முதுகுதான் தாங்கும்? தைலம் தீர்ந்துவிட்டால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

ஒரு நல்ல சேதி. நம் கால்பந்து கிளப்பில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆடுவதற்கு இல்லை, பயப்படாதீர்கள். துவைக்க, தேய்க்க, கிழிந்ததைத் தைக்க. கேலரிக்கு அடியில் துணி அறை. இரண்டு தொட்டி, ஒரு தையல் மெஷின், ஒழுகுகிற ஒரு குழாய். ஜன்னல் மைதானத்தின் தரை மட்டத்தில் இருக்கிறது. அதனால் ஆட்டம் நடக்கும்போது எனக்கு முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். ஒரே வாரத்தில் கால்களை வைத்தே ஆட்களைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன்.

புது கோச்சின் முகம் மட்டும் நன்றாகத் தெரியும். மனிதர் நிற்பதே இல்லை. கோட்டருகே குந்திக்கொண்டுதான் ஆட்டம் பார்க்கிறார். பேன்ட் முழங்காலில் எப்போதும் வெள்ளைச் சுண்ணாம்பு. அதனால் எல்லோரும் அவரைச் சுண்ணாம்பு என்றே கூப்பிடுகிறார்கள். அந்தக் கறையை எடுக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். முதல் நாளே வந்து, "இந்த ரூம்ல பாக்கிறது இந்த ரூமோட இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை வழக்கம்போல பஸ், வீடு, தூக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தங்கை

செப்டம்பர் 9

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. அம்மாவைத் தினமும் நாலு எட்டு நடக்கச் சொல்.

உன் வேலைச் சேதியைப் படித்துவிட்டு லாட்ஜ் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன், தபாலில் ஓட்டுப் போடுகிறேன், எனக்கு இன்னும் அதன் வாசல்கூடச் சரியாக ஞாபகம் இல்லை. நீ உள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டாய். என் அறையில் இருக்கிற வெல்டருக்குத்தான் வயிற்றெரிச்சல். அவன் அக்கரை அணி வெறியன். அவனுடைய தம்பி அந்த அணிக்குக் கால் பிடித்துவிடுகிற வேலை பார்க்கிறானாம், அதை வைத்துக்கொண்டு தினம் ஒரு அலட்டல்.

ஆனால் உன் சுண்ணாம்பு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் மூன்றே பேரா? நாலு பேர் நின்றே கோல் வாங்குகிற அணி நம்முடையது. கேப்டனை இடது ஓரத்தில் ஆறாம் எண்ணில் நிறுத்தி மேலும் கீழும் ஓட வைக்கிறார் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அந்த ஆள் மலை மாதிரி நின்று தலையால் பந்தை முட்டி அனுப்பப் பிறந்தவர். அவரை ஓடவிடுவது அநியாயம். சுண்ணாம்புக்குக் கோடு போட மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. இதை அவரிடம் சொன்னாலும் சொல்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்பு அண்ணன்

நவம்பர் 14, செவ்வாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? அம்மா நாலு எட்டு நடக்கிறார், நாற்பது வீட்டுச் சேதியோடு திரும்பி வருகிறார்.

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபமா? உங்கள் கோச் என்னை உட்காரவிடவில்லை. ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயித்தாயிற்று, இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் நின்றால் கோல் விழும் என்றீர்கள். ஜன்னல் வழியே நான் பார்க்கிறேன், பந்து இந்தப் பக்கம் வந்தாலே ஐந்து ஜோடிக் கால் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது. அதை அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் தெரியுமா? கயிற்றைக் கட்டி. ஐந்து பேர் இடுப்பிலும் ஒரே கயிறு, ஒருவன் நகர்ந்தால் எல்லோரும் நகர வேண்டும். முதல் நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம். சட்டை தொளதொளவென்று இருந்தால் எதிராளி பிடித்து இழுப்பான் என்று, ஒவ்வொரு ஆளுக்கும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும் என்பார். நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு செட். யார் ஆடினாலும் ஒன்றிலிருந்து பதினொன்று வரைதான். ஆகவே திங்கட்கிழமையே என்னிடம் சீட்டு வந்துவிடும், யாருக்கு எந்தச் சட்டை என்று. ஆள் மாறினால் பிடித்தோ விட்டோ தைத்துக் கொடுக்க வேண்டும். பெயர் ஒன்றும் உங்களுக்குச் சொல்லமாட்டேன், என் வாய்க்குப் பூட்டு. என் விரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த வாரம் ஆறாம் எண் சட்டையை இடுப்பில் மூன்று அங்குலம் பிடிக்க வேண்டியிருந்தது. கெட்டித் துணி, ஊசி இரண்டு தடவை விரலில் ஏறிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஞாயிறு அக்கரையோடு ஆட்டம். வெல்டரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கை

நவம்பர் 21

அன்புத் தங்கச்சிக்கு,

விரல் ஆறிவிட்டதா? மஞ்சள் வைத்தாயா?

மூன்று கோல். சுழியத்துக்கு மூன்று. அதுவும் அக்கரையிடம். வெல்டர் ஞாயிறு மாலையிலிருந்து தரையில் நடக்கவே இல்லை, மிதக்கிறான். நான் சாப்பாட்டு அறைக்கே போகவில்லை.

நான் சொன்னேனா இல்லையா? கேப்டனை உட்கார வைத்தால் விளங்குமா? பேப்பரைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் தெரியும், எனக்கு வியாழக்கிழமையே தெரியும். எப்படி என்று கேள். ஆறாம் எண்ணில் மூன்று அங்குலம் பிடித்தேன் என்று எழுதியிருந்தாய். கேப்டனைவிட இடுப்பு மூன்று அங்குலம் சின்ன ஆள் அணியில் யார்? ஈர்க்குச்சி ஒருவன்தான். இடது காலன், ஓட்டத்தில் மின்னல், ஆனால் தலைக்கு மேலே பந்து வந்தால் குனிந்துகொள்வான். அக்கரையின் வலது ஓரத்து வேகக்காரனைப் பிடிக்க அவனை இறக்கப் போகிறார் என்று அங்கேயே புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் வெல்டரிடம் அப்படியே சொன்னேன். அவன் நம்பவில்லை. தம்பிக்குப் போன் போட்டுக் கேட்கிறேன் என்று ஓடினான். இப்போது என் மூளையைப் பார்த்து லாட்ஜே அசந்து போயிருக்கிறது.

மூளை இருந்து என்ன பிரயோஜனம்? தோற்றது தோற்றதுதான். மூன்றும் தலையால் முட்டிய கோல், மூன்றும் ஈர்க்குச்சி நின்ற பக்கம். இந்தக் கோச் வேண்டாம். நான் சும்மா இருக்கப் போவதில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அண்ணன்

டிசம்பர் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். அம்மா உங்களைக் கேட்டார். குளிர் அதிகம், கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அன்றைக்கு அக்கரை அவர்களுடைய வேகக்காரனையே இறக்கவில்லை. அவனுக்குப் பதில் ஒரு உயரமான ஆளைப் போட்டு, முதல் நிமிஷத்திலிருந்து பந்தை அந்தப் பக்கமே தூக்கித் தூக்கி அடித்தார்கள். பேப்பர்காரர்கள் கேட்டபோது கோச் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள். "தேர்வு என்னுடையது, தப்பும் என்னுடையது" என்றார்.

இனிமேல் தையலைப் பற்றி எழுதமாட்டேன்.

தங்கை

ஜனவரி 8

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவன் இல்லை நான். நிஜமாகவே கேட்கிறேன், உனக்கு என்ன? ஒரு மாதம் கழித்து அரைப் பக்கம். மாப்பிள்ளையோடு சண்டையா? அம்மா ஏதாவது சொன்னாரா? தையலைப் பற்றி எழுதமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? விரல் சீழ் பிடித்துவிட்டதா? மறைக்காமல் எழுது.

இங்கே நான் சும்மா இல்லை. அக்கரையிடம் தோற்றதிலிருந்து அணி தடுமாறுகிறது. துறைமுகத்தில் நம் கிளப் உறுப்பினர்கள் பதினோரு பேர் இருக்கிறோம். எல்லோரிடமும் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பிப்ரவரி 16 பொதுக்கூட்டத்தில் கோச் இருக்கலாமா வேண்டாமா என்று ஓட்டெடுக்கப் போகிறார்கள். என் ஓட்டோடு ஒரு பக்கம் காரணமும் எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். படித்துக் காட்டினேன், எல்லோரும் கை தட்டினார்கள்.

உடனே பதில் போடு.

அன்பு அண்ணன்

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. விரல் ஆறிவிட்டது. இவரோடு சண்டை போட இவர் விழித்திருந்தால்தானே?

நீங்கள் அந்தக் காரணத்தை அனுப்பாமல் இருந்திருக்கலாம். நான் வாதாடத் தெரியாதவள், பார்த்ததைச் சொல்கிறேன். தோற்ற மறுநாள் ஈர்க்குச்சி பயிற்சிக்கு வரவில்லை. கோச் அவன் வீட்டுக்கே நடந்து போய்க் கூட்டிவந்தார். அன்று முழுக்க, அவன் முட்டிப் பழக, அவன் தலைக்கு மேலே பந்தை எறிந்தது யார் தெரியுமா? கேப்டன். தன் இடத்தைப் பிடித்துக்கொண்டவனுக்கு, சாயங்காலம் வரை. இப்படி ஒரு அணியை நான் பார்த்ததில்லை. அதைக் கட்டியவர் கோட்டருகே குந்தியிருக்கிற அந்த மனிதர்தான். அவருடைய தேர்வு தப்பில்லை அண்ணா. அன்றைக்கு அது தப்பே இல்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

முடிந்தால் உங்கள் ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி நலம்.

தங்கை

பிப்ரவரி 6

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

நேற்று டீ நேரத்தில் வெல்டர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உன் தங்கச்சி ஊசிக்கு எங்க ஆளுங்க மாலை போடணும்டா. வியாழக்கிழமையே டீமை மாத்திட்டாங்கல்ல." அவன் தம்பியிடம் சொன்னது, தம்பி அவர்கள் கோச்சிடம் சொன்னது, உயரமான ஆளை இறக்கியது, எல்லாம் அவனுக்கு ஒரு வேடிக்கைக் கதை. நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மூன்று கோலையும் அடித்தது நான். அடித்துவிட்டு அந்த மனிதரைத் திட்டி ஒரு பக்கம் எழுதி, கை தட்டலும் வாங்கியிருக்கிறேன். உன் மௌனத்துக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. நீ ஏன் என்னைத் திட்டவில்லை? நாலு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிளப் செயலாளருக்கு உண்மையை எழுதலாம் என்று மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுதினால் கோச் தப்பிப்பார், உன் வேலை போய்விடும். எழுதாவிட்டால் அவர் போய்விடுவார். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. பதில் போடு.

அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். நானும் நலம், நம்புங்கள். பதில் போடாதது கோபத்தால் இல்லை. போட்டிருந்தால் நீங்கள் எதையாவது செய்துவிடுவீர்கள், செய்ய வேண்டியது நான் என்று தோன்றியது.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தோற்ற மறுநாள் காலையில் கோச் துணி அறைக்கு வந்தார். ஆறாம் எண் சட்டையை எடுத்தார், உள்புறம் திருப்பி நான் பிடித்த தையலை விரலால் தடவினார். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதைப் பத்தி யாருக்காவது சொன்னீங்களாம்மா?" என்றார்.

"அண்ணனுக்கு எழுதினேன் சார். விரல்ல ஊசி குத்திச்சுன்னு."

சட்டையை மறுபடி நேராகத் திருப்பினார். பிறகு, "அண்ணனுக்கு எழுதாம வேற யாருக்கு எழுதுவீங்க" என்றார். "இதை வெளியில சொல்லாதீங்க. எனக்கு வேலை போனா வேற ஊர்ல கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காது." சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போய்த்தான் பேப்பர்காரர்களிடம் தப்பு தன்னுடையது என்று சொன்னார். மூன்று மாதம் ஊரே அவரைத் திட்டியது. கேலரியிலிருந்து காகிதத்தைக் கசக்கி எறிந்தார்கள். நான் அவருடைய பேன்ட்டைத் துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பதினாறாம் தேதி பொதுக்கூட்டம் நிரம்பி வழிந்தது. உங்கள் மாப்பிள்ளைகூட விழித்திருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் தபாலில் வந்த காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். உங்களுடையது நாலாவது. 'சுண்ணாம்புக்குக் கோடு போட மட்டும்தான் தெரியும்' என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கோச்சும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. சட்டை, மூன்று அங்குலம், உங்கள் கடிதம், வெல்டர், தம்பி, எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் காரணத்தை எழுதினவரு என் அண்ணன்தான்" என்றும் சொன்னேன். கோச் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பின் வரிசையிலிருந்து கேப்டன் எழுந்து, அன்றைக்குத் தன்னை உட்கார வைத்தது சரிதான், அந்த வேகக்காரனைத் தன்னால் துரத்தியிருக்க முடியாது என்றார். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல்.

செயலாளர் என் வேலை அந்த நிமிஷமே முடிந்தது என்றார். அப்போதுதான் கோச் எழுந்தார்.

"இந்தக் கிளப்ல அணியைத் தேர்ந்தெடுக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றார் செயலாளர்.

"துணி ரூமும் என் அணிதான். அவங்களை எடுக்கணும்னா முதல்ல என்னை எடுங்க. இப்ப ஓட்டெடுங்க."

எடுத்தார்கள். 214 பேர் அவர் இருக்கட்டும் என்றார்கள், 131 பேர் வேண்டாம் என்றார்கள். உங்கள் ஓட்டு அந்த 131-இல் இருக்கிறது, தபால் ஓட்டை மாற்ற முடியாதாம். வெளியே வந்ததும் நான் அழுதேன். இவர் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் கோச் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தையல் அளவை வெச்சு என் அணியைக் கண்டுபிடிச்ச ஆளு என்னை வேணாம்னு சொன்னா, நான் கொஞ்சம் யோசிக்கணும்மா" என்றார். மார்ச் 17 மறுபடி அக்கரையோடு ஆட்டம், கோப்பையே அதில்தான். அந்த ஆட்டத்தில் ஆறாம் எண்ணை யாருக்குக் கொடுப்பது என்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது.

அன்புடன்,
தங்கை

மார்ச் 2

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவிடம் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று சொல். மாப்பிள்ளையிடம், அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்கு நான் கும்பிட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை லாட்ஜில் பிரிக்கவில்லை. கிரேன் கூண்டுக்கு எடுத்துக்கொண்டு போய், பாதி உயரத்தில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருக்க, அங்கே வைத்துப் படித்தேன். கீழேயிருந்து விசில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். என் தங்கை முந்நூறு பேர் நடுவில் எழுந்து நின்றிருக்கிறாள், நான் எழுதியதைக் கேட்டுவிட்டு. அந்தப் பெட்டி கொஞ்ச நேரம் தொங்கினால் ஒன்றும் ஆகிவிடாது.

கை தட்டிய பத்துப் பேரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. வெல்டரும் இருந்தான், தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் இல்லை. தன் அணி மேல் அவனுக்கும் பைத்தியம், அவ்வளவுதான்.

கோச்சுக்கு மன்னிப்புக் கேட்டு ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். அவர் கேட்டது மன்னிப்பு இல்லை, ஆறாம் எண் யாருக்கு என்று. மூன்று நாள் யோசித்தேன். அப்படி யோசித்து என் வாழ்க்கையில் எதையுமே செய்ததில்லை. ஊரெல்லாம் கேப்டன், கேப்டன் என்று கத்தும், அக்கரையும் அவரைத்தான் எதிர்பார்க்கும், தங்கள் வேகக்காரனை இறக்கும். ஈர்க்குச்சிக்குக் கொடுக்கச் சொல். சீசன் முழுக்க எதிர்த்துக் கத்திய ஆள் சொல்கிறேன், அவர் போட்ட திட்டம் முதல் நாளிலிருந்தே சரி. நான் கெடுத்த ஆட்டத்தைக் கெடுக்காமல் ஒரு தடவை ஆடிப் பார்க்கட்டும். தோற்றால் தேர்வு என்னுடையது, தப்பும் என்னுடையது என்று பேப்பருக்கு நானே எழுதுகிறேன்.

அவர் என்ன முடிவு செய்தார் என்று எனக்குச் சொல்லாதே. விரல் வலிக்கிறதா என்று நான் கேட்டாலும் சொல்லாதே. இதற்குப் பதில் வேண்டாம். பதினேழாம் தேதி ஆட்டம் முடிந்து, பதினொரு சட்டையையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அதற்கு அப்புறம் எழுது. அதுவரை நான் காத்திருக்கிறேன்.

அன்பு அண்ணன்